நாலு ராத்தல்

குலேந்திரனின் அழைப்பு வந்தபோது மாக்கிரட் கோழி இறைச்சி நிறுத்துக்கொண்டிருந்தாள். ஊரில் சண்டை முடிந்து பத்து நாள். தங்கை அஜந்தினி உயிரோடு இருக்கிறாளா என்பதே தெரியாமல்தான் அந்தப் பத்து நாளும் பிரெடெரிசியாவில் இந்தச் சீனச் சாப்பாட்டுக்கடைக்கு வேலைக்கு வந்து போனாள். தங்கையின் புருஷன் குலேந்திரன் யாருடையதோ போனில் அவசரமாகச் சொன்னான்:

"அக்கா, முகாமிலை நிக்கிறம். அவளுக்குப் பொம்பிளைப் பிள்ளை. மாதம் திகைய முந்தியே பிறந்திட்டுது. நாலு ராத்தல் எண்டு மருத்துவிச்சி சொன்னவ. தப்புமோ தெரியேல்லை அக்கா..."

லைன் அறுந்துவிட்டது.

கடைக்காரர் குவோக் ஹொங்கொங்கில் பிறந்தவர், அறுபது வயது. முப்பது வருடம் டென்மார்க்கில் இருந்தும் குசினியில் கிலோ என்று ஒரு நாளும் சொன்னதில்லை. எல்லாம் கன், லெங் என்ற சீன நிறைகள்தான். தராசும் அவர் ஊரிலிருந்து கொண்டுவந்தது. பதினாறு லெங் ஒரு கன். சேர்ந்த அன்றே அது மாக்கிரட்டுக்குப் பிடிபட்டது. அவளுடைய ஊரான மன்னாரில் பதினாறு அவுன்ஸ் ஒரு ராத்தல். பேர்தான் வேறு, நிறை ஒன்று என்று எண்ணிவிட்டாள். ஆறு மாதமாக அவளுடைய கை அப்படித்தான் நம்பியிருந்தது.

ஒரு பையில் அரிசி அள்ளி நாலு கன் நிறுத்தாள். தூக்கிப் பார்த்தாள். நல்ல பாரம். இவ்வளவு பாரமான பிள்ளை தப்பாமல் போகுமா?

"ஆருக்கு உந்த அரிசி?" குவோக் டேனிஷில் கேட்டார்.

"அரிசி இல்லை. என்ரை தங்கச்சியின்ரை பிள்ளை. நாலு கன்."

அவர் சிரித்தார். "பிள்ளையை ஆரும் கன்னிலை நிறுக்கிறதே? மீனே அது? எங்கடை ஊரிலை பிள்ளைக்குப் பவுண்ட்தான். வெள்ளைக்காரன் பழக்கிவிட்டது."

"எங்களையும் அவன்தான் பழக்கினவன். நாங்கள் ராத்தல் எண்டுவம்."

சிரிப்பு நின்றது.

"அவை சொன்னது ராத்தலோ?"

"ஓம்."

குவோக் பிடரியைத் தடவிக்கொண்டு தராசையே பார்த்தார்.

"ஏன் பேசாமல் நிக்கிறியள்?"

"நாலு பவுண்ட் எண்டால் மூண்டு கன்தான், மாக்கிரட்."

அவள் பையைத் தானே தராசில் வைத்து வாயைத் திறந்து பிடித்தாள். குவோக் கிண்ணத்தால் அரிசியை அள்ளினார். முள் இறங்கியது. இன்னொரு கிண்ணம். இன்னும் இறங்கியது. கடைசியில் ஒரு பிடியைத் திருப்பிப் போட்டார். முள் மூன்றில் நின்றது.

மாக்கிரட் பையைத் தூக்கினாள். ஒரு கை போதும். ஆனாலும் மற்றக் கையையும் கீழே கொடுத்தாள். பையின் மேற்பக்கம் ஒரு பக்கமாகச் சரிந்தது. அவள் முழங்கையை மடித்து அதை ஏந்திக்கொண்டாள்.

முன்வாசல் மணி அடித்தது. குவோக் அவளைக் கூப்பிடாமல் தானே போனார். போகும்போது, இரைந்துகொண்டிருந்த புகை இழுக்கும் விசிறியை ஓசைப்படாமல் நிறுத்திவிட்டுப் போனார்.