சூளைக்குள் கேட்டது

பூபாலன் ஐந்தரைக்கு எழுந்தான். பல் தேய்த்தான். ஸ்டவ்வில் டீ வைத்துக் குடித்தான். முந்தின நாள் சட்டையை அலசிக் கொடியில் போட்டான். அலமாரிக்குப் பின்னால் இருந்த பொட்டலத்தைப் பிரித்து, கஞ்சாவைப் பீடித்தூளோடு கசக்கி, கொல்லையில் உட்கார்ந்து இழுத்தான். குளித்தான். ஏழு மணிக்குள் சைக்கிளில் பீங்கான் கம்பெனிக்கு வந்துவிட்டான். அவன் பெண்டாட்டி பானுமதி தொண்ணூற்றிரண்டு ஆடியில் செத்தாள். ஒன்பது மாதம் ஆகிறது. கடைசி ஆறு மாதமாக இந்த வரிசை ஒரு நாளும் மாறியதில்லை.

கெமிஸ்ட்ரி படித்தவன். ப்யூஸ் கட்டை வேகும் சூளைக்கு அவன்தான் சூப்பர்வைசர். முதல் பொட்டலத்தைக் கொடுத்தவர் சூளைக்கு நெருப்புப் பார்க்கும் தங்கதுரை. "தூக்கம் வரும் சார். நாங்க இருவது வருசமா இழுக்குறோம், செத்தா பூட்டோம்?" தூக்கம் வந்தது. மூன்று மாதம் கழித்துக் குரலும் வந்தது. முதலில் மோட்டார் சத்தத்துக்குள், பிறகு சூளைக்குள்.

சூளைச் சுவரில் ஒரு செங்கல்லை மட்டும் உருவி உள்ளே பார்க்கலாம். அன்று காலை உருவினான். சூடு முற்றிவிட்டால் உள்ளே நெருப்பென்று தனியாக ஒன்று இருக்காது. ப்யூஸ் கட்டை, அதை அடுக்கிய தட்டு, சுவர் எல்லாம் ஒரே வெளிச்சம். நிழலே கிடையாது. ஆயிரம் தடவை பார்த்தவன்தான், ஆனாலும் வாயைத் திறந்துகொண்டு நின்றான். இவ்வளவு பெரிய வெளிச்சத்துக்குள் ஒருத்தி இருப்பாள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. எப்போதும் சளி கட்டினது போல இருக்கும் பானுமதியின் குரல் காதோரம் சொன்னது: "என்னத் தனியா வுட்டுடாதீங்க."

கடப்பாரையை எடுத்தான். சூளை வாசலை அடைத்துப் பூசியிருந்த செங்கற்களில் நாலைந்தைப் பெயர்த்துவிட்டான். புருவம் கருகியது தெரியவில்லை. தங்கதுரை பின்னாலிருந்து இடுப்பைக் கட்டி இழுத்தார். இருவரும் களிமண் சேற்றில் விழுந்தார்கள்.

"யோவ் சார்! ஆயிரத்தி எரநூறு டிகிரின்னு நீதானய்யா போர்டுல எழுதுன!" என்று கத்தியவர் உடனே அழுதுவிட்டார். "நாந்தான் குடுத்தேன். ஐயோ, நாந்தான குடுத்தேன்."

ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் வைத்திருந்தார்கள். "தங்கதுரைய ஒண்ணும் பண்ணாதது உங்கள பண்ணும். அடிபட்ட மனசு உங்களுது. திரும்பத் தொட்டா திரும்பப் பேசும்" என்றார் டாக்டர். மாத்திரையில் குரல் தேய்ந்துகொண்டே போனது. அது தேய்கிறதே என்று அவன் அழுதான். வெளியே போனதும் ஒரே ஒரு பொட்டலம், ஒரே ஒரு தடவை என்று மனசுக்குள் நாள் குறித்தும் வைத்திருந்தான்.

பானுமதியின் அம்மா சொர்ணாம்பாள் சேத்தியாத்தோப்பிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனாள். ஒரு நாள் சாத்துக்குடி உரித்துக்கொண்டே கேட்டாள்.

"என்னா மாப்ள சொல்லுது அது?"

"என்னத் தனியா வுட்டுடாதீங்கன்னு, அத்தை."

"அதான், அன்னிக்கே சொன்னீங்களே. உசுரு போவசொல்ல எம்பொண்ணு அதத்தான் சொன்னான்னு."

வாய்க்குப் போன சுளை பாதியில் நின்றது. எழவு வீட்டில் பெண்கள் அவனைச் சுற்றி நின்று, கடைசியா என்ன சொன்னா என்று கேட்டார்கள். கேட்பது வழக்கம். அதை வைத்துத்தான் ஒப்பாரி எடுப்பார்கள். அவள் உண்மையில் சொன்னதை வைத்து யாராலும் அழ முடியாது. அதனால் அந்த நிமிஷத்தில் அவனாகவே ஒன்றைக் கட்டிச் சொன்னான். அவன் கட்டியது சூளைக்குள் போய், அவள் குரலை எடுத்து, சளியோடு சேர்த்து, அவனையே கூப்பிட்டிருக்கிறது. பயம் வரவில்லை. மலைப்பாக இருந்தது. ஒரு மனுஷன் மண்டைக்குள் இவ்வளவு இடமா? சூளை முன்னால் நின்றதைப் போலவே அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"அத்தை, அது நான் சொன்னது. அவ சொல்லல."

சொர்ணாம்பாள் பழத்தைக் கீழே வைத்தாள். இத்தனை மாதமும் அந்த ஒரு வரியை வைத்தே அழுதவள்.

"பின்ன என்னாதான் சொன்னா?"

அன்று வேப்பூர் ரோட்டில் அவன் மொபெட்டை நிறுத்தியதும் பானுமதி சிரித்துக்கொண்டே இறங்கிப் பின்னால் ஓடினாள். லாரி அதன் பிறகுதான் வந்தது. அதற்கு முன், அவன் முதுகில் தட்டி அவள் சொன்னதை அப்படியே சொன்னான்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க. என் செருப்பு ஒண்ணு பின்னாலயே எறங்கிடுச்சு."