இசக்கிப்பாண்டி கேட்ட நூற்று ஐம்பத்து மூன்று கேள்விகள்

இறந்த பதினைந்தாம் நாள், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, இசக்கிப்பாண்டி இணையத்தில் ஒரு அறிவியல் கேள்வி கேட்டார். கதவோரம் இருக்கிற ஆளுக்கு நெருப்பு வந்து சேர எத்தனை நொடி ஆகும் என்பது கேள்வி. ஏழாயிரம்பண்ணைக்குத் தெற்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தவர் அவர். நாலு பேர் இருக்கவேண்டிய ஒன்பதாம் நம்பர் அறையில், ஆவணி சீசன் என்று எட்டுப் பேரை உட்கார வைத்து, மருந்து கலக்கிற இடத்திலேயே திரி வைக்கிற வேலையையும் நடத்தினார்கள். வெடித்தபோது எட்டுப் பேரும் போனார்கள். கைப்பேசியும் அவரோடு எரிந்து, உருகிய மிச்சம் போலீஸ் உறையில் கிடந்தது. ஆனாலும் கேள்வி அவர் பெயரில்தான் வந்தது, அவருடைய வழக்கமான எழுத்துப்பிழைகளோடு.

கேள்வி வந்த இணைய மன்றத்தை நடத்தியவர் லட்சுமிகாந்தம். விருதுநகரில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தமிழில் யார் வேண்டுமானாலும் அறிவியல் கேள்வி கேட்கலாம், தெரிந்தவர்கள் பதில் எழுதுவார்கள். உயிரோடு இருந்தபோதே இசக்கிப்பாண்டி அங்கே ஓயாமல் கேட்பவர். யாரோ செத்த மனிதரின் பெயரில் விளையாடுகிறார்கள் என்று நினைத்து, கணக்கை மூடிவிடலாமா என்று கேட்க லட்சுமிகாந்தம் அடுத்த திங்கட்கிழமை பஸ் ஏறி வந்தார். இசக்கிப்பாண்டியின் மனைவி சொர்ணலட்சுமி கொடுத்த காப்பி ஆறுவதற்குள், சரியாகப் பத்து மணிக்கு, லட்சுமிகாந்தத்தின் கைப்பேசியிலேயே இரண்டாவது கேள்வி வந்து விழுந்தது. கைப்பேசி சுட்டது, கொஞ்சம் கந்தகம் மணத்தது. லட்சுமிகாந்தம் காப்பியைக் குடித்துவிட்டு, கணக்கு இருக்கட்டும் என்றார். கைப்பேசிக் கடைக்காரர் நெட்வொர்க் கோளாறு என்றார். ஊர் மூன்று வாரம் அதையே பேசியது. பிறகு வெங்காயம் விலை ஏறியதால் பேச்சு மாறிவிட்டது.

கேள்விகளை இயற்பியல், வேதியியல், உயிரியல், நிலவியல், வானியல் என்று பிரித்து அடுக்க மன்றத்துக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. பன்னிரண்டாவது வரை படித்த சொர்ணலட்சுமிக்கே அந்த வேலையைக் கொடுத்தார் லட்சுமிகாந்தம். அவள் கருத்தாகத்தான் செய்தாள், ஆனால் கம்பெனி வழக்கப்படி செய்தாள். கந்தகம் பற்றிய கேள்வியை வேதியியலில் வைத்தவள், வெடியுப்பு பற்றியதைக் கொண்டுபோய் நிலவியலில் வைத்தாள். அலுமினியப் பவுடரைத் தூக்கி வானியலில் போட்டாள்.

"ஏம்மா, மூணும் ஒரே இனந்தான. எதுக்கு அங்கொண்ணு இங்கொண்ணா வச்சிருக்கீக?"

"ஒரே ரூம்ல வைக்கலாமா சார்? பத்திக்கிரும்."

அதே கம்பெனியில் பதினாறு வருடம் மருந்தோடு புழங்கியவளுக்கு அடுக்குவது என்றால் இனத்தோடு இனம் சேர்ப்பது அல்ல, சேரக்கூடாததைச் சேராமல் பார்த்துக்கொள்வது. லட்சுமிகாந்தம் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். புருஷனின் கேள்விகளையும் அவள் அப்படியே ஒவ்வொரு மூலையில் வைத்தாள். நெருப்பின் வேகம் இயற்பியலுக்குப் போயிற்று. பருத்தியா பாலியஸ்டரா, எது சீக்கிரம் பற்றும் என்று கேட்டது வேதியியலுக்கு. புகைக்குள் பெண்பிள்ளை எவ்வளவு நேரம் மூச்சைப் பிடிக்க முடியும் என்று கேட்டது உயிரியலுக்கு. படித்தவர்கள் தயவு தாட்சணியம் இல்லாமல் சரியான பதில் எழுதினார்கள். பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்றார் ஒருவர். சரியான பதில் கிடைத்ததை இசக்கிப்பாண்டி மறுபடி கேட்கமாட்டார், வேறொன்று கேட்பார். இப்படியே மூன்று வருடம் ஓடியது. திங்கட்கிழமை பத்து மணிக்காகவே சொர்ணலட்சுமி மற்ற ஆறு நாளையும் கழித்தாள். தாலி அறுத்தவளுக்கு இதுகூட வாய்த்திருக்கிறதே என்று ஊரில் பொறாமைப்பட்டவர்களும் உண்டு.

நூற்று ஐம்பத்து மூன்றாவது கேள்வியை எந்தப் பிரிவும் ஏற்கவில்லை. பச்சைச் சீலை கட்டியிருப்பது யார் என்று புகைக்குள் கண்ணுக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தார். ஒளி சம்பந்தப்பட்டது என்று இயற்பியலில் வைத்தாள். கண் சம்பந்தப்பட்டது என்று இயற்பியல்காரர்கள் உயிரியலுக்குத் தள்ளினார்கள். உயிரியல்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். லட்சுமிகாந்தம் போனில் சொன்னார்: "அவர் கேட்டதையெல்லாம் ஒரே எடத்துல போட்டுப் பாருங்கம்மா. எந்த வகைன்னு அதுவே சொல்லும்."

அவளுக்குப் பயமாக இருந்தது. மருந்து அறைக்குள் போவதுபோல வளையலைக் கழற்றினாள், செருப்பை வாசலில் விட்டாள், ஒரு வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புதுப் பிரிவு ஒன்றைத் திறந்து நூற்று ஐம்பத்து மூன்றையும் ஒவ்வொன்றாக அதற்குள் நகர்த்தினாள். எதுவும் பற்றிக்கொள்ளவில்லை. முதலிலிருந்து வாசித்தாள்.

ஒன்பதாம் நம்பர் அறையில் கதவோரம் அவளுடைய இடம். அந்தத் திங்கட்கிழமை வீட்டுப் பட்டாவுக்கு மனு கொடுக்க சூலக்கரை கலெக்டர் ஆபீஸுக்குப் போகவேண்டியிருந்தது. ஃபோர்மேனிடம் மட்டும் சொல்லிவிட்டு ஒன்பதரைக்குக் கிளம்பிவிட்டாள். முதுகு காட்டி மருந்து சலித்துக்கொண்டிருந்த புருஷனிடம் சொல்லவில்லை. சலிக்கிற ஆளைக் கூப்பிடக்கூடாது. அவள் இடத்தில், ஒரு சின்னப் பிள்ளையின் தாயான மாடத்தி வந்து உட்கார்ந்தாள், பத்து மணிக்கு வெடித்தது. கம்பெனியில் தீபாவளிக்கு எல்லாப் பெண்களுக்கும் கொடுத்த ஒரே மாதிரிப் பச்சைச் சேலையைத்தான் மாடத்தியும் கட்டியிருந்தாள். அப்படியானால் மூன்று வருடமாக அந்த மனிதர் கேட்டுக்கொண்டிருந்தது, கதவோரம் இருந்தவள் தப்பினாளா என்ற ஒரே கேள்வி. அது தெரியாமல் அதைத் துண்டு துண்டாக்கி நாலு மூலையில் வைத்திருந்தாள். தன் பெண்சாதி எப்படியெல்லாம் வெந்திருப்பாள் என்று ஊர் உலகமே அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

பதில் சொன்னால் அவர் வரமாட்டார் என்பதும் அவளுக்குத் தெரியும். ஒரு வாரம் சொல்லாமல் இருந்தாள். அந்த ஒரு வாரத்தை நினைத்து இன்றும் அவளுக்கு வெட்கம் உண்டு. அடுத்த திங்கட்கிழமை பத்து மணிக்குக் கேள்வி இல்லாமல் ஒரு வரி வந்தது: "தெரிஞ்சவுக யாராச்சும் சொல்லுங்க."

அவள் எழுதினாள்: "நான் அன்னைக்கு உள்ள இல்லைங்க. சூலக்கரைக்கு மனு குடுக்கப் போயிட்டேன். எனக்கு ஒரு காயமும் இல்ல. சொல்லாமப் போனது என் தப்பு. நீக இனித் தேடாதீக."

பதிலுக்குக் கீழே, ஏற்றுக்கொள்ளப்பட்டது என்ற பச்சைக் குறி உடனே விழுந்தது. அதற்கடுத்த திங்கட்கிழமை பத்து மணி ஆயிற்று, பத்தரை ஆயிற்று. லட்சுமிகாந்தம் கூப்பிட்டார்.

"இன்னைக்கு வரலையேம்மா."

"வராது சார். கேட்டு முடிச்சிட்டாக." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு மத்தியானம்வரை அழுதாள்.

மாசி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, மாடத்தி ஒரு கேள்வி கேட்டாள். உயிரோடு இருந்தவரை கைப்பேசியே வைத்துக்கொள்ளாதவள். ஆடிக்கொண்டிருந்த பால்பல் விழுந்துவிட்டால், அந்த இடத்தில் புதுப்பல் முளைக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டிருந்தாள். உயிரியல்காரர்கள் யாரும் முந்திக்கொள்வதற்குள், சொர்ணலட்சுமி அதை எடுத்துப் புதுப் பிரிவில் வைத்தாள். மூன்று வருடமாக அவள் மாடத்தி வீட்டுத் தெருப்பக்கமே போனதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, மாடத்தி பிள்ளையின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவரக் கிளம்பினாள்.