வாலு பாஸாகிவிட்டாள்

“அம்மா, எல்லாமே எனக்குத் தெரிஞ்சுதும்மா!”

ஒரு கால் செருப்பைக் கழற்ற மறந்து வீட்டுக்குள் ஓடி வந்தாள் வாலு. பின்னாலேயே அவள் அப்பா, புத்தகப்பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக வந்தார். பள்ளியில் அன்று வாசிப்புச் சோதனை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகளைக் கண்டுபிடித்துத் தனி வகுப்பில் சேர்ப்பதற்காக வைப்பது. வாலு ஒன்றுகூடத் தப்பாகச் சொல்லவில்லையாம்.

“தனி வகுப்பெல்லாம் தேவையில்லைன்னு டீச்சரே சொல்லிட்டாங்க. வெறும் சோம்பேறித்தனம்தானாம். நீதான் பொண்ணுக்கு என்னமோ இருக்குன்னு இத்தனை நாளா என் உயிரை வாங்கின” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சந்தோஷம் வந்தால் அவருக்கு யாரையாவது சீண்டியாக வேண்டும்.

அம்மா வாலுவைப் பக்கத்தில் இழுத்தாள். “எந்த அட்டைடா கண்ணு காட்டினாங்க?”

“நம்ம வீட்ல பாத்தோமே, அதேதாம்மா! மரம், கதவு, வண்டி, குடை...” கண்ணை மூடிக்கொண்டு கடகடவென்று ஒப்பித்தாள் வாலு. வரிசை பிசகவே இல்லை.

பிள்ளைகள் எப்படிப் படிக்கக் கற்கிறார்கள் என்று ஆராயும் மையத்தில் வாலுவின் அம்மா உளவியலாளர். வாசிப்புச் சோதனைக்கான புதிய சொல் அட்டைகள் மையத்துக்கு வந்தபோது, முகத்தில் எதையும் காட்டாமல் அவற்றை நீட்டக் கை பழக வேண்டுமென்று, மகளையே எதிரில் உட்கார வைத்தாள். அதுவும் ஒரு தடவையா? வாலு திணறிய சொற்களையெல்லாம் மனசு கேட்காமல் சொல்லிக் கொடுத்தாள். ஒருமுறை பார்த்துவிட்ட பிள்ளைக்கு அந்தச் சோதனை செல்லாது என்று புதிதாகச் சேருபவர்களுக்குப் பாடம் எடுப்பவளே அவள்தான். பள்ளி பழைய அட்டைகளையே வைத்திருக்கும் என்று அசட்டையாக இருந்துவிட்டாள். ஊர்ப்பிள்ளைகளையெல்லாம் ஆராய்ந்தவள் தன் பிள்ளை விஷயத்தில் கோட்டை விட்டிருந்தாள்.

நாளை தனி வகுப்பு தொடங்குகிறது. இடம் நிரம்பிவிட்டால் அடுத்த வருஷம்தான். வாலு உள்ளே போனதும் கணவரிடம் சொன்னாள்.

“அது செல்லாதுங்க. அவ படிக்கல, மனப்பாடமா சொல்லியிருக்கா. நான்தான் பழக்கிட்டேன்.”

அவர் பையை மெதுவாகக் கீழே வைத்தார். “உன் வேலைக்கு என் பொண்ணுதான் கெடச்சாளா?”

சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. கூசிப்போய் நின்றாள். இத்தனை நாளில் முதல்முறையாகப் பாராட்டு வாங்கி வந்திருக்கிற பிள்ளையிடம் அதை எப்படிப் பிடுங்குவது? பிடுங்காவிட்டால் வருஷம் முழுக்கச் சோம்பேறி என்று திட்டு வாங்குவாள். இரண்டுக்கும் காரணம் தான் ஒருத்திதான். ஆசிரியையின் எண்ணை அழுத்தினாள்.

மணி போய்க்கொண்டிருக்கும்போது அறைக்குள் எட்டிப் பார்த்தாள். புத்தகத்தைக் கண்டாலே தலைவலி என்று படுத்துக்கொள்கிற வாலு, யாரும் சொல்லாமலே தரையில் ஒரு கதைப் புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருந்தாள். முதல் சொல்லிலேயே மாட்டிக்கொண்டிருந்தாள். உதவிக்கு அம்மா குனிந்ததும் கையைக் காட்டித் தடுத்தாள்.

“இரும்மா. நானே கண்டுபிடிக்கிறேன்.”

“ஹலோ? சொல்லுங்க” என்றது ஆசிரியையின் குரல். வாலுவின் விரல் அந்தச் சொல்லின் முதல் எழுத்தை அழுத்திப் பிடித்திருந்தது. உதடுகள் ஓசையில்லாமல் அசைந்துகொண்டே இருந்தன.