தவிட்டுக்கு வாங்கிய நாய்

துரைக்கண்ணு வீட்டில் அன்றைக்கு யாரும் 'இதயம்' என்று சத்தமாகச் சொல்லவில்லை. நாய்க்கு இதயம் பெருத்துவிட்டது என்று விழுப்புரத்து டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துச் சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டுக்காரர் துரைக்கண்ணுவுக்கும் அதே கோளாறுதான். இரண்டு பேருக்கும் இருமல், இரண்டு பேருக்கும் உப்பில்லாத சோறு. ஆகையால் நாயைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் அது சுற்றிக்கொண்டு வந்து அவர் மடியில் விழுந்தது.

"மாத்திர போட்டாலும் கொணமாவாதாம்பா," என்றான் மகன் குமரேசன். "சும்மா இழுத்துக்கினு கெடக்கும். பாக்கறவங்களுக்குத்தான் பேஜாரு."

துரைக்கண்ணு இருமினார்.

"நான் நாயச் சொன்னேன்."

"நாயத்தான் சொல்றன்னு எனக்கும் தெரியுது. சொல்லு."

"ஒரே ஊசி. வலியே இல்லாம தூங்கிடும். வெளிநாட்டுல எல்லாம்..." அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குமரேசன் வெளிநாட்டைப் பாதியில் விட்டான்.

மாட்டுக்கொட்டகை வாசலில் சாணிக்கூடையோடு மண்ணாங்கட்டி நின்றிருந்தான். மீசை முளைத்த நாளிலிருந்து அந்த வீட்டு நிலத்தில் வேலை செய்கிறவன். நாயைக் காரின் முன்சீட்டில் வைத்துத் திண்டிவனத்துக்குக் கொண்டுவந்து பிரின்ஸ் என்று பேர் வைத்தது குமரேசன். அதோடு அவன் வேலை முடிந்தது. குளிப்பாட்டியது, சோறு வைத்தது, உண்ணி பொறுக்கியது எல்லாம் மண்ணாங்கட்டிதான். இப்போது நாய் அவன் காலடியில் உட்கார்ந்திருந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே தூங்குகிறது. தலை சாய்ந்தால் திடுக்கென்று விழித்துக்கொள்கிறது. அதைப் பார்த்து, ஊசி போட்டுவிட்டால்தான் என்ன என்று அவனும் ஒரு தடவை நினைத்தான். நினைத்த அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

குமரேசனின் அம்மா முனியம்மாள்தான் வழி கண்டுபிடித்தாள். உயிரைக் கொன்ற பாவமும் வீட்டுக்கு வரக்கூடாது, புருஷன் எதிரில் 'கொல்லு' என்று சொன்ன பேரும் வரக்கூடாது.

"ஏண்டா மண்ணாங்கட்டி, உன்ன உங்கம்மா தவிட்டுக்குத்தானே வித்தாங்க?"

"ஆமாங்கம்மா. எனக்கு முன்ன பொறந்தது எதுவும் தங்கல. அதனால எங்க அத்தகிட்ட ஒரு மொறம் தவிட்டுக்கு வித்து, இந்தப் பேர வச்சாங்க. எமன் வந்தாலும் பேரக் கேட்டுட்டு வேணான்னு போயிடுவான்னு."

"போயிட்டானில்ல? அதேமாரி இந்த நாய நீ வாங்கிக்க. உன் ராசிக்குப் பொழச்சாலும் பொழைக்கும். இல்லன்னாலும் உன் நாயி, நீ பாத்துக்க."

குமரேசனுக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது. "நாளைக்கே விழுப்புரம் கூட்டிக்கினு போயிடு. சொந்தக்காரன் நீதான். டாக்டர் கேட்டா ஊசின்னா ஊசி, எல்லாம் உன் இஷ்டம்."

அந்த வீட்டில் ஒரு விஷயத்தை அவன் இஷ்டத்துக்கு விட்டது அதுதான் முதல் தடவை.

மாடில்லாத மண்ணாங்கட்டி வீட்டில் தவிடு ஏது? முனியம்மாளே கொட்டகையிலிருந்து ஒரு முறம் அள்ளிக் கொடுத்தாள். மண்ணாங்கட்டி அதை வாங்கி அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். நாய் கை மாறியது, தவிடு மாட்டுக்கே போனது. பிரின்ஸ் என்ற பேரை எடுத்துவிட்டுக் குப்பை என்று வைத்தார்கள். அதற்கும் நாய் வாலை ஆட்டியது.

மறுநாள் மண்ணாங்கட்டி குட்டியானைச் சரக்கு வண்டியின் பின்னால் ஏறி, நாயை நெஞ்சோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டான். வழியில் கூட்டேரிப்பட்டில் டிரைவர் செல்வகுமார் டீக்கு நிறுத்தினான்.

"முடிச்சிட்டுத்தானேண்ணே வரப்போறோம்? பொதைக்கறதுக்கு மம்முட்டி உள்ளயே கெடக்குது. குமரேசண்ணன் ஏத்திவுட்டாரு."

மண்ணாங்கட்டி திரும்பிப் பார்த்தான். அவனுடைய மண்வெட்டிதான். பிடியில் அவன் சுற்றி வைத்த சைக்கிள் டியூப் அப்படியே இருந்தது. இஷ்டத்தை அவனிடம் கொடுத்தவர்கள் கூடவே மண்வெட்டியையும் கொடுத்தனுப்பியிருந்தார்கள்.

"போன தடவ வேற ஒருத்தர்தானே கூட்டிட்டு வந்தாரு? நாய் யாருது?" என்று கேட்டார் விழுப்புரத்தில் ஸ்கேன் எடுத்த டாக்டர் கலைப்பிரியா.

"என்துதாங்க. நேத்து வாங்கினேன்."

"இந்த நெலமையிலயா? என்ன குடுத்து வாங்கினீங்க?"

"ஒரு மொறம் தவிடுங்க."

டாக்டர் அவனையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குழாயை நாயின் நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார்.

"மாத்திர போட்டா படுத்துத் தூங்குமாங்க?" என்றான் மண்ணாங்கட்டி. அவனுக்கு அது ஒன்றுதான் தெரியவேண்டியிருந்தது.

"தூங்கலாம். நுரையீரல்ல கோத்திருக்கிற தண்ணி எறங்கினா மூச்சு சுலபமா வரும். ஆனா நோய் தீராது, கடைசி வரைக்கும் மாத்திரைதான். ஒரு வாரம் பாருங்க. அப்பவும் படுக்க முடியல, சாப்பிடலன்னா கூட்டிட்டு வாங்க. அப்ப ஊசி போடறது பாவமில்ல, அதுக்குச் செய்யற ஒத்தாச."

"அப்ப படுக்குதா பாத்துட்டு சொல்றேங்க."

மண்வெட்டி மண் படாமல் திண்டிவனம் திரும்பியது.

"இன்னாடா, உசுரோட கொண்டாந்துட்ட?" என்றான் குமரேசன்.

"என் இஷ்டம்னு நீங்கதான சொன்னீங்க?"

"சொன்னேன்தான். அதுக்காக?" என்றவன் வண்டியிலிருந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

மாத்திரையைத் துரைக்கண்ணு வாங்கிக் கொடுத்தார். தன் மாத்திரையோடு நாயின் மாத்திரையையும் மெடிக்கலில் வாங்கி, மகன் கண்ணில் படாமல் துண்டில் முடிந்து தந்தார். வாரம் முடிவதற்குள் ஒரு காலையில் மண்ணாங்கட்டியின் பெண்டாட்டி பொன்னி அவனை வெளியே கூப்பிட்டாள். குப்பை அவர்கள் வாசலில் நாலு காலையும் நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. அவள் தாண்டிப் போனதுகூட அதற்குத் தெரியவில்லை.

எல்லாம் தன் தவிட்டின் மகிமை என்று முனியம்மாள் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை துரைக்கண்ணு தாமே மொபெட்டை ஓட்டிக்கொண்டு மண்ணாங்கட்டி வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை. பையில் தவிடு. மண்ணாங்கட்டி நாய்க்கு முன்னால் வந்து நின்றுகொண்டான். கண்டம் தாண்டிவிட்டால் விற்றவர்களே தவிட்டோடு வந்து பிள்ளையைத் திரும்ப வாங்கிப்போவதுதான் வழக்கம்.

"மொதலாளி, இது இன்னும் பொழைக்கலிங்க. மாத்திரையிலதான் நிக்குது."

"நானும் அதுலதான் நிக்கறேன்," என்று அவர் நாயின் பக்கத்தில் உட்கார்ந்தார். "நாய நீயே வச்சிக்க. உன்கிட்ட தவிடு இருக்காதுன்னு நானே கொண்டாந்தேன். நாளைக்கு வூட்டுக்கு வந்து, முனியம்மா கையில இதக் குடுத்து என்னைய வாங்கிக்க. அடுத்த மாசம் குமரேசன் என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போறான். அங்க டாக்டரு, இன்னா செய்யலாம்னு அவனத்தான் கேப்பாரு."

மண்ணாங்கட்டி சிரிக்கவில்லை. சிரிக்கிற மாதிரி அவர் முகம் இல்லை.

"இங்க கேப்பைக் கூழுதாங்க. அதுலயும் இதுக்காகப் பொன்னி உப்பு போடறதில்ல."

"அங்க மட்டும் இன்னா, போடறாங்களா?"

"பேரு மாத்தணுமே மொதலாளி. குப்பைய இது எடுத்துக்கிச்சி."

துரைக்கண்ணு நாயின் விலா ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். "உன் பேரக் குடேன். எமன் ஏற்கெனவே ஒரு வாட்டி வேணான்னு போன பேரு."

"அத மட்டும் தவிட்டுக்குத் தரமுடியாதுங்க," என்றான் மண்ணாங்கட்டி.