சகலை ஊற்றிய கெட்டி ஆயில்

நெட்டையனுக்கு யார்மேல் சந்தேகம் வந்தாலும் வரும், சகலைமேல் மட்டும் வந்ததில்லை. அக்காவை அவன் கட்டினான், தங்கையை இவன் கட்டினான். ஆளுக்கொரு பழைய டீசல் டிராக்டர், இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே வயசு. ஒன்று இருமினால் மற்ற வண்டிக்காரன் ஸ்பேனரோடு வந்து நிற்பான்.

அந்த வருஷம் மரமில் மேனேஜர் ஒரு நிபந்தனை போட்டார். முதல் உறைபனி விழுகிற காலையில் எந்த டிராக்டர் முதலில் மில் வாசலுக்கு வருகிறதோ, குளிர்காலம் முழுக்க வெட்டிய மரங்களை இழுக்கும் வேலை அதற்குத்தான். குளிரில் கிளம்பாத வண்டியை வைத்து அவர் பூஜையா போட முடியும்? வேலை கிடைக்காவிட்டால் நெட்டையன் வெளியூருக்கு லாரி ஓட்டப் போக வேண்டும். போன குளிர்காலம் அப்படிப் போய்த் திரும்பியபோது, பெற்ற மகளே அவனை யாரோ என்று பார்த்து வீறிட்டு அழுதாள். இந்த முறை வீட்டோடு இருந்துவிட வேண்டும் என்று தவியாய்த் தவித்தான்.

எந்த ஆயில் ஊற்றுவது என்பதில்தான் குழப்பம். மெக்கானிக் சொன்னார்: "டப்பாவுல ரெண்டு நம்பர் போட்டிருக்கும். முன்னாடி இருக்கிறதுதான் குளிருக்கு. அது சின்னதா இருக்கணும். கோடையில ஊத்தின இருபதை எடுத்துட்டு அஞ்சு ஊத்துங்க."

சகலை அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "தண்ணி மாதிரி ஆயிலை ஊத்தினா இந்தக் கிழட்டு எஞ்சின்ல எல்லாம் ஒழுகிடும் சகலை. இதுக்குக் கெட்டிதான் தாங்கும். நானும் அதான் ஊத்தப்போறேன்."

சொன்னதோடு விடவில்லை. தானே டப்பாவைத் தூக்கி வந்து, புனல் வைத்து, கடைசிச் சொட்டுவரை ஊற்றிவிட்டுப் போனான் மகராசன்.

பனி விழுந்தது. நெட்டையன் சாவியைத் திருப்பினால், எழுப்பிவிட்ட சோம்பேறிபோல எஞ்சின் முனகியது. எஞ்சினின் அளவுக்கம்பியை உருவினான். ஆயில் தேனாக ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது. திருப்பித் திருப்பிப் பார்த்ததில் பேட்டரியும் கையை விரித்துவிட்டது.

பேட்டரிக்குக் கரண்ட் கொடுக்கும் ஒயர் வாங்கிவர அடுத்த தெருவில் இருந்த சகலை வீட்டுக்கு ஓடினான். சகலையும் இதே பாடுதான் பட்டுக்கொண்டிருப்பான் என்று வழியெல்லாம் பரிதாபம் வேறு! ஷெட் திறந்திருந்தது, இன்னும் கிளப்பாத வண்டி ஜில்லென்று நின்றது. பழக்கதோஷத்தில் அதன் அளவுக்கம்பியையும் உருவினான். ஆயில் மளமளவென்று வழிந்து அவன் பூட்ஸில் சொட்டியது.

புரியக் கொஞ்ச நேரம் ஆனது. மெக்கானிக் சொன்ன அதே அஞ்சு!

சகலை அவசரமே இல்லாமல் கையுறை மாட்டிக்கொண்டு வந்தான்.

"என்ன ஆயில் ஊத்தினே?"

"அது... கடைசியில மாத்திட்டேன் சகலை."

"எங்கிட்ட சொல்ல வாய் வரலையா?"

சகலை இவன் முகத்தைப் பார்க்காமல் வண்டியில் ஏறி உட்கார்ந்தான். அந்த நிலையிலும் நெட்டையன் கம்பியைச் சரியாகச் செருகிவிட்டுத்தான் விலகினான். எஞ்சின் கெட்டுவிடக் கூடாதாம்! ஒரே திருப்பில் வண்டி பிடித்துக்கொண்டது.

நெட்டையன் தன் வீட்டுக்குள் நுழையும்போதே கத்தினான். "உங்க அக்கா புருஷன் என் கழுத்தை அறுத்துட்டான்டி!"

மனைவி அடுப்பிலிருந்து திரும்பவில்லை. என்ன ஆச்சு என்றும் கேட்கவில்லை.

"மெதுவா பேசுங்க, குழந்தை தூங்குது. அக்கா வந்து என் காலைப் பிடிச்சு அழுதா. இந்த வேலை போனா வண்டியையே வித்தாகணுமாம்."

"உனக்குத் தெரியுமா?"

"ஊத்தின அன்னைக்கே தெரியும்."

நெட்டையன் சுவரோரமாக உட்கார்ந்தான். சகலை செய்தது இப்போது ஒன்றுமே இல்லை என்று தோன்றியது.

"காலையில நான் அந்த வண்டியோட மல்லுக்கட்டினப்போ வாசல்லயே நின்னியே. குளிருது, உள்ளே போன்னு சொல்லியும் போகலையே."

"கிளம்பிடுமோன்னு பயந்துக்கிட்டு நின்னேன்."