சூளைக்காரர் வீட்டு அடுப்பு

சூளைக்காரரைக் கட்டிக்கொண்டவள் வேறு எதை வேண்டுமானாலும் சொல்லலாம், வேர்க்கிறது என்று மட்டும் சொல்லக் கூடாது. தலை வலிக்கிறது என்று சொல்லலாம். முழங்கால் இழுக்கிறது என்று சொல்லலாம். நாத்தனாரைப் பற்றிக்கூட நாலு வார்த்தை சொல்லலாம், கேட்டுக்கொள்வார். வேர்க்கிறது என்றால் தீர்ந்தது. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில், ஒரு பொம்மைக் கம்பெனியில் சூளை மேஸ்திரியாக இருக்கும் கலியமூர்த்தி உடனே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஆரம்பித்துவிடுவார்.

"ஆயிரத்து எரநூறு டிகிரி! அதுக்கு முன்னாடி நிக்கிறேன் நானு. நீ உள்ளங்கை அகலத்துல ஒரு பர்னர வெச்சிக்கிட்டு வேர்க்குதுங்கற."

கல்யாணமான புதிதில் பூங்கோதை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்து, இந்த டிகிரிக் கணக்கைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் வாயை மூடிக்கொண்டாள். வாயை மூடினால் வேர்வை நிற்குமா? இப்போது ஐம்பதை நெருங்கும் வயது. உடம்பே சொல்லாமல் கொள்ளாமல் திடீர் திடீரென்று கொதிக்கிறது. சமையலறையோ மேற்குப் பார்த்தது. அதில் ஃபேன் கிடையாது. கூடத்து ஃபேனைப் போட்டாலும் கேஸ் அடுப்பின் நெருப்பு ஆடும், பருப்பு வேகாது, கேஸ் வீணாகும் என்று சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் சமையல். அக்னி நட்சத்திரத்தில் அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு கத்தரிக்காய் வதக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. சமைக்கும்போது தலைக்கு மேல் ஒரு ஃபேன் ஓட வேண்டும். அவ்வளவுதான்.

அதனால்தான் சென்னையில் வேலைக்குப் போகும் மகள் இனியா ஒரு இண்டக்‌ஷன் அடுப்பை வாங்கி அனுப்பியபோது பூங்கோதைக்கு மனசுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். நெருப்பே இல்லாத அடுப்பு. ஃபேன் என்ன, புயலே அடித்தாலும் அணையாது. ஆனால் அதைப் புருஷனிடம் எப்படிச் சொல்வது? ஃபேன் என்றால் வேர்வை, வேர்வை என்றால் ஆயிரத்து இருநூறு டிகிரி. ஆகவே மற்ற எல்லாக் காரணத்தையும் சொன்னாள்.

"சிலிண்டர் தீந்து போச்சின்னா பதிவு பண்ணிட்டு ஒக்காந்துருக்கணும். இதுல அந்தத் தொல்ல இல்லீங்க."

"கரண்டு போச்சின்னா?"

"நெய்வேலி கூப்புடு தூரத்துல இருக்குது. நமக்கு என்ன கரண்டுக்குப் பஞ்சம்?"

"நெய்வேலிலேருந்து ஒயர் நேரா ஒன் அடுப்படிக்கா வருது?" என்று கேட்டுவிட்டுக் கலியமூர்த்தி தன் பெரிய பாணத்தை எடுத்தார். "நெருப்பு கண்ணுக்குத் தெரியணும் பூங்கோத. நெறத்தப் பாத்துதான் நான் சூளைச் சூட்டையே எறக்கறேன். நெருப்பில்லாம வெந்தது சோறா? அது ஊறுனது."

பூங்கோதை வாதாடவில்லை. பாத்திரத்தைக் கழுவி வைக்கும்போது மட்டும் டம்ளர்கள் கொஞ்சம் பலமாகச் சத்தம் போட்டன.

இருந்தாலும் மகள் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்ததாயிற்றே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே பெட்டியைப் பிரித்தார். பெட்டியின் பக்கவாட்டில் இருந்ததைக் கூட்டிக் கூட்டிப் படித்தவர் முகம் மலர்ந்தது. மேல்தட்டு செராமிக் என்று போட்டிருந்தது.

"அடிப்பாவி, இது நம்ம ஜாதி! பீங்கானு! மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்றவர் வண்டியை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போய், புதிதாகச் சுட்டுப் பார்த்திருந்த மூடி போட்ட பீங்கான் சட்டி ஒன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். பீங்கான் தட்டின் மேல் பீங்கான் சட்டி. இதைவிடப் பொருத்தம் எந்த ஜோசியனாலும் பார்க்க முடியாது என்பது அவர் எண்ணம். தண்ணீர் ஊற்றி, அரிசியையும் போட்டு, பட்டனை அழுத்தினார்.

அடுப்பு கீச்சிட்டது. கீச்சிட்டுவிட்டு அணைந்துபோனது.

மறுபடி அழுத்தினார். மறுபடி கீச்சிட்டது. சட்டியைக் கொஞ்சம் நகர்த்தினார், திருப்பினார், சாமி கும்பிடுகிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அடுப்பு காதில் போட்டுக்கொள்ளவில்லை. அரிசி பச்சைத் தண்ணீரில் நிம்மதியாகக் கிடந்தது. இருபத்தைந்து வருடம் பீங்கானோடு புழங்கின மனுஷனை ஒரு பீங்கான் தட்டு மதிக்கவில்லை என்றால் எவ்வளவு பெரிய அவமானம்.

பூங்கோதை மகளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். இனியா அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, அதுக்கு இரும்பு இருக்கற பாத்திரம் வேணும்ப்பா. அடியில காந்தம் ஒட்டணும். ஒட்டுச்சின்னா சூடாவும், ஒட்டலன்னா கீச்சுகீச்சுன்னுதான் கத்தும்."

"இரும்பா?" என்றார் கலியமூர்த்தி. குரலே மாறிவிட்டது. பீங்கான் தொழிலில் இரும்பைப் போல ஒரு பகையாளி கிடையாது. களிமண் கரைசலில் துளி இரும்புத் துகள் கலந்துவிட்டால் போதும், சுட்டெடுத்த பொம்மையின் வெள்ளை மூஞ்சியில் கரும்புள்ளி விழுந்துவிடும். அதற்காகவே கரைசல் ஓடுகிற வாய்க்காலில் ஒரு சாண் நீளத்துக்குப் பெரிய காந்தம் போட்டு வைத்திருப்பார்கள். "காலம்பூரா இரும்பத் தொரத்தறதுதான் எங்க பொழப்பு. அத வூட்டுக்கு அழைச்சி சோறாக்கச் சொல்ற."

ஆனாலும் மறுநாள் சாயங்காலம் கம்பெனியிலிருந்து வரும்போது அந்தக் காந்தத்தையே கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். சோதனை என்றால் சோதனையாக இருக்க வேண்டும் அல்லவா? பரண்மேல் இருந்த பாத்திரம் வரைக்கும் எல்லாம் இறங்கியது. அலுமினியக் குண்டான், ஒட்டவில்லை. பித்தளைத் தவலை, ஒட்டவில்லை. குக்கர், ஒட்டவில்லை. கல்யாணச் சீராக வந்த எவர்சில்வர் அடுக்கு முழுக்கத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒட்டியது தோசைக்கல், அரிவாள்மணை, கதவுத் தாழ்ப்பாள், அப்புறம் ஒரே ஒரு பால் பாத்திரம். கடைசியில் காந்தம் ஃபிரிட்ஜ் கதவில் போய் ஒட்டிக்கொண்டது. அதை அவர் பிடுங்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டார்.

"பாத்தியா? மூணு வேளையும் தோச தின்னுக்கிட்டு பால குடிச்சிக்கிட்டு கெடக்க முடியுமா? கேஸுதான். இதோட இந்தப் பேச்ச வுட்டுரு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அடுப்பைப் பெட்டியில் போட்டுப் பீரோ மேல் ஏற்றிவிட்டார். தீர்ப்பு சொல்லும்போது மனுஷன் கூடத்து ஃபேனுக்கு நேர் கீழே நின்றிருந்தார். அது பூங்கோதையின் கண்ணில் பட்டது. அவள் பரணுக்கு ஏற வேண்டிய பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். அழுதால் எதற்கு அழுகிறாய் என்று கேட்பார், அதற்குப் பதில் சொல்ல வேண்டும், அதனால் அழவில்லை.

அடுத்த நாள் காலையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கலியமூர்த்திதான். பதறிக்கொண்டு பேசினார்.

"அந்தக் காந்தம் ஃபிரிட்ஜிலேயே இருக்குதா? மொதலாளி இன்னும் வரல. வாய்க்கால்ல போடாம கரைசல் வுட முடியாது. சூளை சூடு எறங்கற நேரம், நான் நவுந்தா நல்லாருக்காது. நீ செத்த எடுத்தாந்து குடுத்துட்டுப் போ."

பூங்கோதை சேலை மாற்றிக்கொண்டு, காந்தத்தை ஃபிரிட்ஜிலிருந்து சப்பாத்திக் கட்டையால் நெம்பிப் பிடுங்கி ஒயர்க்கூடையில் போட்டு, ஷேர் ஆட்டோ பிடித்தாள். உட்கார்ந்த உடனே கூடை பக்கத்துக் கம்பியில் போய் ஒட்டிக்கொண்டது. தொழிற்பேட்டை வந்து இறங்கப் பார்த்தால் கூடை வரமாட்டேன் என்கிறது. ஆட்டோக்காரர் ஒரு பக்கமும் வேப்பூர் போகிற அம்மாள் ஒருத்தி ஒரு பக்கமும் பிடித்து இழுத்தார்கள். "உள்ள என்னாம்மா வெச்சிருக்க?" என்று அந்த அம்மாள் கேட்டாள். "எங்க வூட்டுக்காரரு வேலைய" என்றாள் பூங்கோதை.

கம்பெனி வாசலில் பொம்மைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. கரைசல் பிரிவில் இருந்த தங்கதுரை ஓடிவந்து காந்தத்தை வாங்கிக்கொண்டு, "நல்ல வேள அண்ணி, காப்பாத்துனீங்க. அண்ணன் சூளைகிட்டதான் இருக்காரு, போயிப் பாருங்க" என்றான்.

இத்தனை வருடத்தில் அவள் சூளைக் கொட்டகைக்குள் போனதில்லை. அங்கே சூடு தாங்காது, உனக்கு ஒத்துக்காது என்று சொல்லிச் சொல்லியே வாசலோடு நிறுத்திவிடுவார். புருஷன் நெருப்புக்கு முன்னால் உருகி நிற்பதைப் பார்க்க வேண்டுமே என்று ஒருவிதப் பயத்தோடுதான் உள்ளே போனாள்.

கலியமூர்த்தி பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கால் எதிர் ஸ்டூலின் மேல் இருந்தது. முதுகுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு ஃபேன். ரைஸ்மில்லில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. ஹோவென்று இரைந்துகொண்டு ஓடியது. சட்டை காற்றில் உப்பிக்கொண்டு, மீதி இருந்த தலைமுடி நெற்றியில் ஆடிக்கொண்டு, மனுஷன் மகாராஜா மாதிரி இருந்தார். சூளை எங்கேயோ தள்ளி, கதவு மூடி, தன்பாட்டுக்கு இருந்தது.

பூங்கோதையைப் பார்த்ததும் கால் ஸ்டூலிலிருந்து தானாக இறங்கியது.

"இது... சூளைக்கு வெச்ச ஃபேனு" என்றார் அவள் எதுவும் கேட்பதற்கு முன்பே.

"சூளைக்கு வெச்ச ஃபேனு ஏங்க நாற்காலியப் பாத்து நிக்கிது?"

காந்தத்தைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே வந்து நின்ற தங்கதுரையும் இரண்டு வேலையாட்களும் பொம்மையைப் பார்ப்பதுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"எந்திரிங்க" என்றாள். அவர் எழுந்தார். அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். காற்று வந்து கழுத்தில் மோதியது. கழுத்து, காது, முதுகு என்று ஒவ்வொன்றாகக் குளிர்ந்தது. கோபம்தான் வரும் என்று நினைத்தாள். கோபத்துக்கு முன்னால் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"காயி நறுக்கி வெச்சிருக்கன். பருப்பு ஊறுது. சூளை ஆறட்டும், அத தங்கதுர பாத்துக்குவாரு. நீங்க போயி சமைச்சிட்டு வாங்க."

"நானா?"

"ஏங்க, ஆயிரத்து எரநூறு டிகிரி ஆளு. உள்ளங்கை அகலம் பர்னரு ஒங்களுக்கு ஒரு பொருட்டா?"

மற்றவர்கள் முன்னால் முடியாது என்று சொல்ல அவரால் முடியவில்லை. தன் வாயால் கட்டிய வலையாயிற்றே. சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பூங்கோதை அங்கேயே இருந்தாள். தங்கதுரை டீ வாங்கிக் கொடுத்தான். அவள் ஆற அமரக் குடித்தாள். ஒரு தடவை அவர் போன் செய்து புளி எங்கே என்று கேட்டார், சொன்னாள். இன்னொரு தடவை, "கூடத்து ஃபேனப் போட்டா நெருப்பு ஆடுதே, என்ன பண்ற?" என்றார். "கதவச் சாத்திக்குங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

பகல் உச்சியில் வண்டிச் சத்தம் கேட்டது. தூக்குவாளியோடு வந்த ஆளைத் தங்கதுரைக்கே அடையாளம் தெரியவில்லை. சட்டை முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முகம் சிவந்து, கண் சொக்கிப்போய், ஒரு விரலில் எண்ணெய்க் கொப்புளம். வாளியை அவள் காலடியில் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தார். எப்போதும் போல ஏதாவது பேசி ஜெயிப்பார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

"கதவச் சாத்திக்கிட்டு எப்பிடி பூங்கோத நிக்கிற?" என்றார். வேடிக்கைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார்.

"நின்னேன்" என்றாள்.

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துண்டுதான் நனைந்ததே தவிர கழுத்து காயவில்லை. மெல்லிய குரலில் கேட்டார். "காந்தம் ஒட்டற பாத்திரம் எல்லாம் எங்க விக்கிது, தெரியுமா?"

அவளுக்குத் தெரியும். கடைவீதியில் எந்தக் கடை என்று தெரியும். எந்தெந்தப் பாத்திரம் முதலில் போதும் என்று தெரியும். கரண்டு போகிற நாளுக்குக் கேஸ் அடுப்பை எந்த ஓரத்தில் தள்ளி வைப்பது என்று தெரியும். ஃபேன் மாட்டச் சமையலறைக் கூரையில் எந்த இடத்தில் கொக்கி போட வேண்டும் என்பது, அந்த வீட்டுக்கு வந்த முதல் வருடத்திலிருந்தே தெரியும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். அந்தக் கொக்கி விஷயம் வந்தபோது தலையாட்டலை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

பிறகு ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, ஃபேனின் கழுத்தைப் பிடித்துக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பப் போனார். பூங்கோதை அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இன்னிக்கு ஒரு நாளு எம்பக்கமே இருக்கட்டுங்க" என்றாள்.

கலியமூர்த்தி கையை எடுத்துக்கொண்டு, வாளியைத் திறந்து, வேர்க்க விறுவிறுக்க அவளுக்குச் சோறு போட்டார்.