தூரத்து ஆளுக்குக் கண் கிடையாது

பிளம் பழுக்கும் காலத்து மழை ஓய்ந்த மறுநாள் காலை, மையோவியர் கெங் ஷௌபெய்யின் மனைவி பெய்ரோங் முகத்தில் கண்கள் இல்லாமல் எழுந்தாள். காயமில்லை, வலியில்லை. புருவத்துக்குக் கீழே வரையாமல் விட்ட தாளைப்போல வெறும் தோல் வழவழவென்று இறங்கியது. சிங்யீ ஆற்றில் மூங்கில் தெப்பங்கள் தாமதமாக வந்து மீன் விலை ஏறியிருந்த வாரம் அது. ஊர் இரண்டையும் ஒரே மூச்சில் பேசியது.

காரணம் எல்லோருக்கும் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து கெங் வருஷத்தில் பாதியை மலையில் கழித்தார், மீதியை அந்த மலையை வரைவதில் கழித்தார். முந்தின வாரம்தான் பெய்ரோங், "இத்தனை வருஷமா மலையையும் மேகத்தையுமே கட்டிக்கிட்டு அழறீங்களே, என்னை ஒரு தடவை வரைஞ்சா மை தீர்ந்துடுமா?" என்று கேட்டிருந்தாள். அவரும் சந்தோஷமாக அவளைப் புது ஓவியச் சுருளில் சேர்த்தார்: அக்கரையில், பாலத்தின்மேல், குடையோடு, ஒரு நெல்மணி அளவில்.

"படத்துல எனக்குக் கண்ணைக் காணோமே?"

"தூரத்து ஆளுக்குக் கண்ணு போடக் கூடாது. தூரத்து மரத்துக்குக் கிளை போடுறோமா? தொழில் விதி அது."

"நான் எதுக்குத் தூரத்துல நிக்கணும்?"

அது அவருக்குக் கேள்வியாகவே படவில்லை. சிவப்பு முத்திரையைக் குத்திப் படத்தை முடித்தார்.

கண் போன பிறகு, அந்த நெல்மணி முகத்தில் புள்ளி வைக்கத் தூரிகையை எடுத்தார். மை குடிக்கும் தாளில் ஒரு புள்ளி விழுந்தாலே முகம் முழுவதும் கறுத்துவிடும் என்று புரிந்து, கீழே வைத்தார். பெரிய தாள் விரித்து, முதல்முறையாகப் பக்கத்திலிருந்து அவளை வரைந்தார். நெற்றி வந்தது, மூக்கு வந்தது. கண்ணுக்கு வந்ததும் கை நின்றது. அவள் கண் எப்படியிருந்தது? மேகம் பைன் மரத்தில் எப்படிச் சிக்கும் என்பது தெரிந்த மனிதருக்கு அது தெரியவில்லை. ஆனாலும் வரைந்தார். பெய்ரோங்குக்குச் சமைத்துப்போட வந்திருந்த அக்கா பெய்லிங் எட்டிப்பார்த்தாள்.

"மாப்ளே, இது என் தங்கச்சி கண்ணா? தெருமுனையில டோஃபு விக்கிறாளே, அவளோட கண்ணுல்ல இது! தினமும் வாங்கப் போறப்ப நல்லாத்தான் பாத்திருக்கீங்க."

கெங் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டார். பிறகு வரைந்தவையும் யார் யாருடைய கண்களோதான். பெய்ரோங்கின் முகம் அப்படியே இருந்தது.

அதற்குப் பின்தான் தூரம் தொடங்கியது. மற்றவர்களுக்குப் பெய்ரோங் ஜன்னலோர நாற்காலியில்தான் இருந்தாள். அக்கா அவளுக்குத் தலை சீவினாள், கஞ்சி ஊட்டினாள். கெங்குக்கு மட்டும் அவள் அக்கரையில் இருந்தாள். அவள் பேசியது பள்ளத்தாக்கைக் கடந்ததுபோலத் தாமதமாக, பாதி கரைந்து வந்தது. அவர் கொண்டுபோன தேநீர் அறையின் நடுவிலேயே ஆறிப்போனது. அழுதார், கூப்பிட்டார். தலையைத் திருப்பாமல் அவள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். மறுபடி மறுபடி கூப்பிட்டதில் அவர் தொண்டை கட்டிப்போனது.

குளிர்காலத்தில் வைக்கோல் செருப்பு மாட்டி, சோற்று மூட்டை கட்டிக்கொண்டு, கதவருகிலிருந்து நாற்காலியை நோக்கி நடக்க ஆரம்பித்தார். பீச் மரங்கள் பூத்தபோது அறை நடுவிலிருந்த மேசையை நெருங்கியிருந்தார். அதற்குள் தாடி வெளுத்திருந்தது. பார்க்க வந்தவர்கள் அவருக்கு வழிவிட்டு ஓரமாக உட்கார்ந்தார்கள்.

ஒருநாள் பெய்ரோங் உரிப்பதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினாள். "அக்கா, யாரோ நடந்து வர்ற மாதிரி இருக்கு."

"உன் புருஷன்தான்டி."

"அவரா? அவர் மலைக்கில்ல போயிருக்காரு," என்றாள் பெய்ரோங், கோபமே இல்லாமல்.

பெய்லிங் துடைப்பத்தை எடுத்தாள். கெங்கின் காலைச் சுற்றித் தரையைப் பெருக்கிவிட்டு, வழியில் குடிக்க மேசை விளிம்பில் ஒரு கிண்ணம் வெந்நீர் வைத்துவிட்டு, உலையைப் பார்க்கப் போனாள்.